அஞ்சு மணி வலி

"வேற வழியே இல்லீங்களா டாக்டரம்மா? பொடனியில ஊசி போட்டே ஆகோணுமா?"

குழந்தைவேல் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. பிடரியைக் கையால் பொத்திக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து சேலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டிவிடுவார் போலிருந்தது.

ஐந்து வாரமாகத் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவருக்குத் தலைவலி. அலாரம் கூட ஒருநாள் முன்னே பின்னே அடிக்கும், இது தவறுவதில்லை. இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பதுபோல் ஒரு மணி நேரம். அந்த ஒற்றைக் கண் மட்டும் சிவந்து, தண்ணீராய்க் கொட்டும். சைனஸ் என்று ஆவி பிடித்தாயிற்று. பல் கோளாறு என்று நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. அதற்குக் கிளஸ்டர் தலைவலி என்று பெயர் என்பதையே டாக்டர் யாழினி போன வாரம்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க பிரீத்திக்குக் கல்யாணமுங்க," என்றாள் மனைவி மஞ்சுளா. "முகூர்த்தம் அஞ்சுல இருந்து ஆறு. அந்நேரத்துக்கு இவரு செவுத்துல தலையை முட்டிக்கிட்டு நின்னா, புள்ளையை யாருங்க தாரை வாத்துக் கொடுக்கறது?"

யாழினி பொறுமையாகச் சொன்னார். "மாத்திரை ஆரம்பிச்சாச்சு. அது முழுசா வேலை செய்ய இன்னும் ரெண்டு வாரம் ஆகலாம். வலி வந்தவுடனே மாஸ்க் வெச்சு ஆக்சிஜன் இழுத்தா, கால் மணி நேரத்துல குறையும்..."

"மணவறையில சிலிண்டரா? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பயந்து ஓடிப்போயிருவாங்க!" என்று மஞ்சுளா பதறினாள்.

"அதனாலதாங்க நரம்பு ஊசி. பின்மண்டை நரம்புக்குப் பக்கத்துல மரத்துப்போற மருந்தும் ஸ்டீராய்டும் கொஞ்சம். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறைய பேருக்கு ரெண்டு மூணு நாள்ல அடங்கிடுது. இன்னிக்குப் புதன். போட்டா இன்னிக்கே போட்டுக்கணும்."

குழந்தைவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊசியை எத்தனை தலைக்கு ஒருக்கா மாத்துவீங்க?"

"எத்தனை தலைக்கா? ஆளுக்கு ஒரு புது ஊசிங்க!"

"தலைக்கு ஒண்ணா!" அவர் வாயைப் பிளந்தார். "மருந்தை ஐஸ் பெட்டியில இருந்து சில்லுனு எடுத்து அப்படியே ஏத்திப்போடுவீங்களா? சித்தெ நேரம் வெளிய வெச்சு, சூடு வந்த பொறவுதானே போடோணும்?"

"இது ஐஸ்ல வைக்கிற மருந்து இல்லைங்க."

"இடம் தப்பிப் போட்டா கழுத்துக் கோணிக்காதுங்களா?"

"கோணாது."

"காலைப் புடிச்சுக்க ஆள் வெச்சிருக்கீங்களா?"

யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க காலை எதுக்குங்க பிடிக்கணும்? ஆமா, நீங்க ஆஸ்பத்திரியில ஏதாவது வேலை பார்த்தீங்களா?"

மஞ்சுளா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குழந்தைவேல் முறைத்த முறைப்பில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லீங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

பயந்தாங்கொள்ளிகள் ஊசியைத் தள்ளிப்போட ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்பது யாழினிக்குத் தெரியும். இதற்குமேல் பேசவிடவில்லை. குப்புறப் படுக்க வைத்து, பின்மண்டையைத் துடைத்து, ஊசியை இறக்கி எடுத்துவிட்டார்.

"அவ்வளவுதாங்க."

"முடிஞ்சுதா?" குழந்தைவேல் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பரீட்சைப் பேப்பர் திருத்தும் வாத்தியார் மாதிரி, "கைவேலை சுத்தமுங்க," என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து பத்திரிகையை நீட்டினார். "அவசியம் வந்துபோடோணும்."

ஞாயிற்றுக்கிழமை. ராசிபுரம் கல்யாண மண்டபத்தில் மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். மஞ்சுளாவின் ஒரு கண் மணவறையில், ஒரு கண் சுவர்க் கடிகாரத்தில். மணி ஐந்து. ஐந்தே கால். தாலி ஏறியது. திரும்பிப் பார்த்தால் குழந்தைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, வந்துருச்சா?"

"இல்ல புள்ள," என்று அவர் முகத்தைத் திருப்பிக் காட்டினார். "நல்லாப் பாரு. ரெண்டு கண்ணுலயும் வருது."

அப்புறம் மஞ்சுளாவும் அழுதாள். இத்தனை சந்தோஷமாக அவள் அழுது ரொம்ப நாளாயிற்று.

காலைப் பந்திக்கு யாழினி வந்து சேர்ந்தார். குழந்தைவேலுக்குத் தலைகால் புரியவில்லை. பரிமாற வந்தவரிடமிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓடிவந்தார்.

"உங்களை மறக்கவே மாட்டேங்க," என்று சிரித்த யாழினி, பக்கத்து இலையில் இருந்த பெரியவர் காளிதாஸிடம் திரும்பினார். "ஊசின்னா இவ்வளவு பயப்படற ஆளை நான் பார்த்ததே இல்லைங்க."

காளிதாஸின் கை இட்லியில் அப்படியே நின்றது. "யாரு, குழந்தைவேலா? ஏனுங்கம்மா, நாமக்கல்லுல எங்க பண்ணைக் கோழிக்கெல்லாம் இருவது வருசமா பொடனியில தடுப்பூசி போடறதே இவருதானுங்க! ஒரு நாளைக்கு மூவாயிரம் பொடனி!"

குழந்தைவேல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அதுங்க ஒண்ணுகூட எங்கிட்ட இதுநாள்வரைக்கும் ஒரு கேள்வி கேட்டதில்லீங்க டாக்டரம்மா. அதான், அதுங்களுக்கும் சேத்து நானே கேட்டுப்போட்டேன்."