ஒரு கண்ணுக்கு மட்டும்

“எந்த லென்சுண்ணே வேணும்? கிட்டப்பார்வைக்கு இருக்கு, சிலிண்டர் பவருக்கு இருக்கு, வெள்ளெழுத்துக்குக்கூட இருக்கு” என்றாள் ஷர்மிளா, அருப்புக்கோட்டைக் கண்ணாடிக்கடையில்.

“பவரெல்லாம் வேணாம்மா. இவ கண்ணுல இருக்கிற வெள்ளைய மறைச்சாப் போதும்” என்றான் விஜயபாண்டி.

அவன் மனைவி மாரிக்கனியின் இடது கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டியதுபோல் தழும்பு.

“வெறகு வெட்டையில சிலாம்பு தெறிச்சிருச்சு. அந்தக் கண்ணுல பார்வையே இல்ல. நாளைக்குப் பிள்ளைக்குக் காதுகுத்து. நாலு பேர் முன்னால இவ தலகுனிஞ்சு நிக்கக் கூடாதும்மா.”

ஷர்மிளாவுக்குப் பொறாமையாக இருந்தது. தலைவலி என்று படுத்தால் ஒரு மாத்திரை வாங்கித் தராதவர் அவள் வீட்டுக்காரர்.

கலர் லென்சை மாட்டியதும் தழும்பு போன இடம் தெரியவில்லை. விஜயபாண்டி முகம் மலர்ந்து, பைக்கைத் திருப்பி நிறுத்தப் போனான்.

“இப்ப, போடுறது எப்படின்னு சொல்லித் தாரேன்.”

“அத அவுகளே போட்டு விட்ருவாக. கழட்டுறத மட்டும் சீக்கிரம் சொல்லிக் குடுங்கக்கா.”

“படுக்கப் போறப்பதானே கழட்டணும்? என்ன அவசரம்?”

மாரிக்கனி வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வெறகு தானாத் தெறிக்கலக்கா. போன் பேசுனாலும் அவுக பக்கத்துலயே நிப்பாக. நாளைக்குச் சீரோட எங்கண்ணே துபாய்ல இருந்து வாராரு. பிள்ளைய அவரு மடியில உக்கார வச்சதும், அவரு முன்னால கழட்டணும்.”