நகராத புள்ளிகள்

ஐஸ்கிரீம் கம்பெனி முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. எந்த வேன் எங்கே இருக்கிறது என்று போனிலேயே காட்டும் ஜிபிஎஸ்ஸை மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஐந்து வேன்களும் பாலத்தருகே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன.

முதல் வேனின் டிரைவரை அழைத்தார்.

“என்னய்யா, நடுரோட்டுல மாநாடு நடத்துறீங்களா?”

“இல்ல மொதலாளி! எவனோ ஒருத்தன் பாலம் ஏறுற எடத்துல காரைக் குறுக்கப் போட்டுட்டுப் போனை நோண்டிக்கிட்டிருக்கான். ஹாரன் அடிச்சு அடிச்சுக் கையே வலிக்குது, அசைய மாட்டேங்கிறான்!”

“சரக்கெல்லாம் உருகிப்போகுமேய்யா! அறிவுகெட்டவன், அவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்? இறங்கிப் போய் சட்டையைப் பிடிச்சு வெளியே இழு. எது வந்தாலும் நான் பாத்துக்கறேன்!”

“இதோ போறேன் மொதலாளி!”

போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார் முதலாளி. யாரோ டொக் டொக்கென்று தட்டினார்கள். எரிச்சலோடு திரும்பியவர், வெளிச்சத்தம் துளியும் உள்ளே கேட்காது என்பதற்காகவே நேற்று வாங்கிய புதுக் காரின் கண்ணாடியை இறக்கினார்.

வெளியே, காதில் போனோடு டிரைவர். அவருக்குப் பின்னால் வரிசையாக ஐந்து வேன்கள்.

“மொதலாளி,” என்றார் டிரைவர், இன்னும் போனிலேயே. “சட்டையைப் பிடிக்கணுமா, வேணாமா?”