ஏர்போர்ட்டில் நிற்கும் குட்டி

எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான்.

பால் பொங்குவதற்குள் இரண்டு போன்களையும் சார்ஜரிலிருந்து கழற்றினான். ஒன்று அவனுடையது. மற்றது மனைவியுடையது.

மனைவியின் போனில் செய்தி வந்திருந்தது, வழக்கம்போல.

‘குட் மார்னிங் மேடம். சாப்பிட்டீங்களா? குட்டி இன்னும் ஏர்போர்ட்ல கூண்டுக்குள்ளதான் இருக்கு, பாவம். இன்ஷூரன்ஸ் மட்டும் கட்டிட்டா இன்னைக்கே வீட்டுக்கு வந்துரும்.’

கூடவே படம். வெள்ளை நாய்க்குட்டி. ஒரு காது மடிந்திருக்கும்.

அதே படம் வேறு ஊர்களில், வேறு பெயர்களில் விலைக்கு இருப்பதை அவன் எப்போதோ நெட்டில் தேடிப் பார்த்துவிட்டான்.

முதலில் தடுப்பூசிக்குப் பணம் கேட்டான், குட்டியை விற்கும் அந்த நாய்க்காரன். பிறகு கூண்டுக்கு. இப்போது இன்ஷூரன்ஸ்.

‘சாப்பிட்டேன்’ என்று அவளாகப் பதில் தட்டினான்.

துக்கத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத அக்கா, ஈரத்தலையோடு பின்னால் வந்து நின்றாள்.

“ஏன்டா, படிச்சவன்தானே நீ? வீடியோ கால்ல குட்டியக் காட்டச் சொல்லு. காட்டலன்னா அவனைத் தலை முழுகு.”

“அவ கடைசியா அதைத்தானேக்கா கேட்டா. குட்டிய எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருன்னு.”

அக்கா துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இதைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. மாமியாரிடமும் இதையேதான் சொன்னான். அவர் அழுதுகொண்டே போய், மணி வைத்த கழுத்துப்பட்டை ஒன்று வாங்கி அனுப்பிவிட்டார். அது வாசற்கதவின் உள்பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒலிக்கிறது. இனி அதைக் கழற்றவும் வழியில்லை.

பால் பொங்கி வழிந்தது. அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

அவன் இன்ஷூரன்ஸைக் கட்டினான்.

உடனே பதில் வந்தது. ‘தேங்க்ஸ் மேடம். நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்.’

இரண்டு முறை படித்தான்.

அக்கா உட்பட எல்லோரும் அவளைப் பற்றி ‘இருந்தா’, ‘சிரிப்பா’, ‘பேசுவா’ என்று பேசப் பழகிவிட்டார்கள். சாப்பிட்டாளா என்று அவளைக் கேட்க இந்த ஒருவன்தான் மிச்சம்.

ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனபோது, அவள் அந்த போனை அவன் கையில் திணித்தாள். கதவு மூடுவதற்குள் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“அந்த நாய்க்காரன் சுத்த ஃபிராடுப்பா. என்னை நல்லா ஏமாத்திட்டான். மொதல்ல அவனை பிளாக் பண்ணு.”