ஒரே டேக்கில் சமாதானம்

டிரம்ஸின் கடைசி சிம்பல் ஒலி அடங்கும்வரை ஸ்டூடியோவில் யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது.

விடவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கிட்டாரோடு தம்பி. அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் அண்ணன். கேமராவுக்குப் பின்னால் நான், இருவருக்கும் நடுவில் பிறந்த பாவி.

"கட்" என்றேன்.

ஒரே ராக் குழுவில் இருந்தவர்கள். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவைப் பார்க்க வருவதென்றாலும் ஒருவன் கிளம்பிவிட்டானா என்று தெரிந்துகொண்டுதான் மற்றவன் வருவான். அதற்கும் நான்தான் தூது.

பாடல்களை ஸ்டூடியோவிலேயே படம்பிடித்துப் போடும் என் சேனலைச் சாக்காக வைத்து இருவரையும் இழுத்து வந்திருந்தேன். தம்பி ஆசைப்படுகிறான் என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் ஏங்குகிறான் என்று தம்பியிடம் சொன்னேன். இரண்டும் வடிகட்டின பொய்.

ஆனால் பாட்டு தொடங்கியதும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உருகினான். தம்பி தலையை ஆட்டி ஆட்டி லயித்து வாசித்தான். டிரம்மர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து தம்பி முன்னால் நின்றான்.

"நல்லா வாசிச்சடா."

"நீயும்தான். குரல் அப்படியே இருக்கு."

இருவரும் காபி குடிக்கப் போனார்கள். ஒன்றாக. நான் மூலையில் நின்று அழுது தீர்த்தேன்.

பிறகு, அண்ணன் கேட்டதை நானும் கேட்கவேண்டும்போல் இருந்தது. இங்கே கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வேறு அறையில் இருக்கும். பாடுபவர் குரலும் கண்ணாடியைத் தாண்டி வராது. எல்லாம் ஹெட்ஃபோனில்தான்; கேமராவோடு நின்ற எனக்குக் கேட்டது டிரம்ஸ் மட்டும். ஒலிப்பதிவாளரை அந்த டேக்கை ஓடவிடச் சொல்லிவிட்டு அண்ணனின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

டிரம்ஸ் வந்தது. அண்ணன் குரல் வந்தது. கிட்டார் வரவில்லை.

ஒயரில் ஏதோ கோளாறு என்று ஓடிப்போய்த் தம்பியுடையதை மாட்டினேன். டிரம்ஸ் இருந்தது, கிட்டார் இருந்தது. அண்ணன் குரல் மருந்துக்கும் இல்லை.

ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். "தனித்தனியா வந்து சொன்னாங்க மேடம். அவன் சத்தம் என் காதுல விழவே கூடாது, விழுந்தா எழுந்து போயிடுவேன்னு. ரெண்டு பேரும் அச்சு அசலா இதையேதான் சொன்னாங்க."

ஆக, வாசித்தவர்களில் இருவரையும் சேர்த்துக் கேட்டவர் டிரம்மர் ஒருவர்தான். அதனால்தான் அழுதிருக்கிறார், பாவம்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் நடந்தது ஞாபகம் வந்தது. "நீ வாசிக்கிறது வெறும் இரைச்சல்" என்றான் அண்ணன். "உனக்குச் சுருதி போய் ரெண்டு வருஷமாச்சு" என்றான் தம்பி. இரண்டும் உண்மை.

வெளியே காபி மெஷின் பக்கத்தில் இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த பாட்டுக்கு ரெண்டையும் திறந்து விட்டுடவா மேடம்?" என்றார் ஒலிப்பதிவாளர்.

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஒரு பட்டனையும் தொட்டுடாதீங்க."