மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்

“மாத்திரையை நிறுத்தச் சொன்ன மகானுபாவன் யாருங்க?”

எக்ஸ்ரே திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் இதய டாக்டரம்மா. படுக்கையில் கிடந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியதே தவிர, பேச்சு வரவில்லை. முகக்கவசத்தோடு பக்கத்தில் நின்ற கணவர்தான் பதில் சொன்னார்.

“தெரியலைங்க டாக்டர். மாசாமாசம் நான்தான் வாங்கிக் கொடுக்குறேன். இன்னைக்கு டப்பாவைத் திறந்தா, மூணு மாச மாத்திரை அப்படியே இருக்கு.”

“இதைப் பாருங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி இவங்க இதயத்துல வச்ச உலோக வால்வு. ரெண்டு கதவு. ஒண்ணு திறந்து மூடுது. இன்னொண்ணு அசையவே மாட்டேங்குது. ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. ரத்தம் உறையாம இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினோமே.”

“எனக்குத் தெரியாதா டாக்டர்?”

“பீட்ரூட் சாறு குடிச்சா ரத்தம் தானா சுத்தமாயிடும்னு எந்த அரைவேக்காடோ சொல்லியிருக்கும்.”

“அவனையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும்,” என்றார் கணவர். கண் கலங்கியிருந்தது.

உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். கரையும்போது ஒரு துணுக்கு மூளைக்குப் போனாலும் போகலாம்; ரத்தக்கசிவும் வரலாம். டாக்டரம்மா இதை விளக்கிவிட்டுச் சம்மதப் படிவத்தை நீட்டினார். கணவர் போட்ட கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது.

மறுநாள் மதியம் திரையில் இரண்டு கதவுகளும் ஒழுங்காகத் திறந்து மூடின. ஸ்டெதஸ்கோப்பில் அமுங்கிக் கிடந்த ‘டிக் டிக்’ சத்தம் தெளிவாகக் கேட்டது. டாக்டரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“இப்பச் சொல்லும்மா. எந்த மடையன் சொன்னான்?”

“அப்படியெல்லாம் பேசாதீங்க டாக்டர். பெரிய மனுஷர். தினம் போன்ல வீடியோ போடுவார். ரெண்டு லட்சம் பேர் பாக்குறாங்க. மாத்திரை எல்லாமே விஷம், குப்பையில போடுங்கன்னு அவ்வளவு அழகா எடுத்துச் சொல்வார்.”

கணவர் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

“பேரைச் சொல்லு. புகார் எழுதப் போறேன்,” என்று பேனாவைத் திறந்தார் டாக்டரம்மா.

மனைவி பெருமை பொங்கக் கணவரைப் பார்த்தாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். “அடியே, அது பாக்குறவங்களுக்குச் சொன்னதுடி. உன்னை யாரு கேக்கச் சொன்னா?”