கடலைப் பார்த்து ஒரு சர்வீஸ்

இறகுப்பந்து வெளியேதான் போய்க்கொண்டிருந்தது.

சங்கரபாண்டியன் அப்படித்தான் அடித்திருந்தான். கட்டத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, கடலைப் பார்த்து, ஓர் ஆண்பிள்ளை வெட்கப்படாமல் எவ்வளவு தூரம் வெளியே அடிக்க முடியுமோ அவ்வளவு தூரம்.

வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் காசிலிங்கம். ஊருக்கு உப்பு வியாபாரி. அவனுக்குத் தாய்மாமா. அருணாசலவடிவுக்கு அப்பா.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் பந்து வெளியே போவதற்குக் காரணம்.

வடிவு அவனுக்கு முறைப்பெண். தை பிறந்ததும் பெண் கேட்டுப் போவதாக இருந்தது. உரிமையுள்ள மருமகன் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல எந்தத் தாய்மாமாவாலும் முடியாது. சொன்னால் அவனுடைய அம்மா சீனித்தாய், கூடப்பிறந்த தம்பி என்றும் பார்க்காமல், கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

ஆக எல்லாம் கூடிவந்திருந்தது. கிளப்பின் ரேங்க் ஆட்டத்தில் கடைசி மாட்ச் மாமாவோடு என்று அமைந்ததுதான் கெட்ட நேரம்.

ஊர் கூடிப் பார்க்க மாமாவைத் தோற்கடித்துவிட்டு, அடுத்த வாரம் தாம்பாளத்தோடு போய் அவர் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பது?

அதுகூடப் பரவாயில்லை. ஜெயித்தால் முதல் ரேங்க் வந்துவிடும்.

1948, மார்கழிக் கடைசி. அந்த நேரத்தில் தூத்துக்குடியில் முதல் ரேங்க் என்பது லேசுப்பட்ட ஆபத்தில்லை. ஊரில் முதலாவது வந்தவன் தை மாசம் மெட்ராஸுக்குப் போய் ஆட வேண்டும். அங்கேயும் ஜெயித்துத் தொலைத்தால் பம்பாய். பம்பாயில் இந்தியா முழுமைக்கும் ரேங்க் போடுவார்கள். அதில் மேலே வந்தவர்களைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்புவார்கள். அங்கே புதிதாக ஏதோ உலகக் கோப்பையாம்.

அப்படி ஆள் அனுப்பப்போகிறார்களா என்று கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கப்பலில் சோறு போடுவார்களா, ரொட்டிதானா என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள்.

இரண்டாம் ரேங்க்காரனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்.

எனவே தோற்றாக வேண்டும். அங்கேதான் சிக்கல்.

சர்வீஸ் போடுகிறவன் ஜெயித்தால்தான் பாயிண்ட். தோற்றால் சர்வீஸ் கைமாறும். பாயிண்ட் யாருக்கும் கிடையாது. சங்கரபாண்டியன் தோற்க வேண்டுமென்றால், மாமா சர்வீஸ் போட்டு மாமாவே ஜெயிக்க வேண்டும்.

மாமாவோ ஒவ்வொரு சர்வீஸையும் நெட்டில் அடித்தார்.

பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்தான். தன் முறை வந்தபோது அவனும் நெட்டில் அடித்தான். மாமா மறுபடியும் நெட்டில் அடித்தார். அவன் பக்கம் பதினாலு, மாமா பக்கம் பதிமூன்று என்று நின்ற கணக்கு நின்றபடியே நின்றது. பதினைந்தைத் தொடுகிறவனுக்கு வெற்றி. தொடத்தான் ஆளில்லை.

உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நடுவர் மந்திரமூர்த்திக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் ஆட்டம் ஆடுதியளா, இல்ல கல்யாணப் பந்தியில 'நீங்க மொதல்ல உக்காருங்க, நீங்க மொதல்ல உக்காருங்க'ன்னு உபசாரம் பண்ணுதியளா?"

கூட்டம் சிரித்தது. இனியும் நெட்டில் அடித்தால் மானம் போகும். அதனால்தான் சங்கரபாண்டியன் இந்த சர்வீஸை வெளியே அடித்தான். கடல் பக்கமாக.

கிளப்புக்குக் கட்டடம் கிடையாது. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் வெட்டவெளிதான். சாயங்காலமானால் கடலிலிருந்து கொண்டல் காற்று வீசும். தூத்துக்குடியில் பிறந்தவன் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டான். இவன் மறந்தான். வடிவு அன்றைக்குப் பச்சைச் சேலை கட்டி வந்திருந்தாள்.

வெளியே போன பந்து சற்று யோசித்தது. குடையை மறந்துவிட்டுக் கிளம்பியவரைப்போல அந்தரத்தில் நின்றது. பிறகு மெள்ளத் திரும்பி வந்தது.

"மாமா, அடிங்க மாமா!"

மாமா அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

பந்து கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

"அவுட்டு!" என்று அலறினான் சங்கரபாண்டியன்.

"உள்ள! சுத்தமா உள்ள!" என்றார் காசிலிங்கம், குனிந்த தலை நிமிராமல்.

மந்திரமூர்த்தி விசிலை ஊதிவிட்டு, யாரும் மனம் மாறுவதற்குள் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

அதுவரை ஒரு பந்துக்கும் ஓடாத மாமா வலைக்கு அடியில் நுழைந்து ஓடி வந்தார். மருமகனைக் கட்டிக்கொண்டார். கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. மாலை எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்பதற்குள், தோளைப் பிடித்துத் தெருப்பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்தான். பெண்கள் வரிசையில் வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள். அழாதே என்று கையைக் காட்டினான்.

தெருவில் ரயிலடிக்குப் போகக் குதிரை வண்டி நின்றது. வண்டிக்குள் ஒரு புது டிரங்குப் பெட்டி. மூடியின்மேல் வெள்ளைப் பெயிண்டில் 'சங்கரபாண்டியன், மெட்ராஸ்' என்று எழுதியிருந்தது. உருண்டை உருண்டையாக, வரிசை கோணாமல், வடிவின் கையெழுத்து.

தொட்டுப் பார்த்தான்.

பெயிண்ட் எப்போதோ காய்ந்திருந்தது.