புளி போட்டு விளக்கிய காசுகள்

காசுகளைப் படமெடுப்பதற்காகச் சன்னலோரம் வெள்ளைத் தாளை விரித்து, இரண்டு டம்ளர்களின் மேல் செல்போனைக் கவிழ்த்துவைத்த சந்தானம், காசுப்பெட்டியைத் திறந்தார். நூற்றாண்டுகளாகக் கறுத்து முதிர்ந்திருந்த செப்புக்காசுகள் அத்தனையும் புத்தம்புதிதாய்ப் பளபளத்தன. பழமைக்குச் சாட்சியான அந்தக் கறுப்பு போனபின், இனி எந்தச் சேகரிப்பாளரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

“காலையிலேயே புளி போட்டு விளக்கிட்டேங்க. போட்டோல பளிச்சுன்னு இருக்கும்ல?” என்றாள் மனைவி குமுதவல்லி. அவள் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

பெட்டியைத் தொடாதே என்று இத்தனை வருஷமாகச் சொன்னவர், ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு காசை எடுத்துத் தாளின் மேல் வைத்தார். ஆவலோடு அவள் குனிய, காசின் மேல் அவள் நிழல் விழுந்தது. வழக்கம்போல், தள்ளிப்போ என்று வாய்வரை வந்துவிட்டது.

“இன்னும் கிட்ட வா, வல்லி” என்றார். அந்த நிழலோடேயே படமெடுத்தார்.